சொல்லாதவரை ஆபத்தானது

எங்கள் மையத்தின் முழுப்பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவர்கள் இதுவரை யாரும் இல்லை. 'ஆற்றுநீர்மட்ட முன்னெச்சரிக்கை மற்றும் தாழ்நிலக் குடியிருப்புத் தரவு ஒருங்கிணைப்பு மையம்.' ஆலப்புழையில், சாரல் அடித்தால் கோப்புகள் நனையும் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருக்கிறோம். மலையில் மழை பெய்து ஆறு பெருகினால், கீழே குட்டநாட்டில் யார் யார் வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பட்டியல் தர வேண்டும். அவ்வளவுதான் வேலை. பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்குத்தான் பள்ளிக்கூடத்தைத் திறந்து விடுவார்கள். அவர்களுக்குத்தான் கஞ்சியும் பயறும். ஒரு வெள்ளத்தின்போது கால் நனையாதவர்களும் வந்து கஞ்சி குடித்துவிட்டார்கள் என்று யாரோ மொட்டைக் கடிதம் போட்டதிலிருந்து இந்த ஏற்பாடு.

நான் இங்கே கூட்டக் குறிப்பு எழுதுகிறவன். யார் என்ன பேசினாலும் 'ஆழ்ந்து பரிசீலிக்கப்பட்டது' என்று எழுதிவிடுவேன். இத்தனை வருடத்தில் ஒருவரும் ஆட்சேபித்ததில்லை.

இந்தக் கதை பினோஜைப் பற்றியது. ஒப்பந்தத்தில் வந்த பையன். பட்டியல் போடும் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. அதற்குள் அவன் 'நீர்தொடுமா' என்று ஒரு ஃபங்ஷன் எழுதி வைத்திருந்தான். ஃபங்ஷன் என்றால் பெரிய மாயம் ஒன்றுமில்லை, கேட்டால் ஒரே ஒரு கணக்கை மட்டும் போட்டுத் தரும் சின்னக் கட்டளைத் துண்டு. ஆற்றின் உயரத்தையும் வீட்டுத் தரையின் உயரத்தையும் கொடுத்தால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, தண்ணீர் உள்ளே வருமா வராதா என்று சொல்லிவிடும். எதையும் எழுதாது, எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. எங்கள் அலுவலகத்தில் இவ்வளவு ஒழுங்காக வேறு யாரும் இருந்ததில்லை.

கணினிக்குப் பதினாறு கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினாறும் ஆளுக்குக் கொஞ்சம் வீடுகளைப் பிரித்துக்கொண்டு ஒரே நேரத்தில் கணக்குப் போட்டால், ஒரு சாயா குடித்து முடிப்பதற்குள் பட்டியல் வந்துவிடும். ஆனால் அந்த டேட்டாபேஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஃபங்ஷன் எழுதுகிறவன் அதன் குணத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 'பாதுகாப்பானது' என்றால் எத்தனை கைகள் வேண்டுமானாலும் சேர்ந்து செய்யலாம். 'கட்டுப்பாடுடையது' என்றால் தலைமைக் கை மட்டும் தொடலாம். 'ஆபத்தானது' என்றால் ஒரே கைதான் வேலை செய்யும், மற்றவை கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எதுவுமே சொல்லாமல் விட்டால் ஆபத்தானது என்றே கொள்ளும்.

பினோஜ் எழுதிய அவசரத்தில் எதுவும் சொல்லாமல் விட்டிருந்தான். அதனால் ஒரு கை மட்டும் காலையில் தொடங்கி வீடு வீடாகக் கழித்துக்கொண்டே போகும், மற்ற பதினைந்தும் வேடிக்கை பார்க்கும். பட்டியல் வருவதற்குள் பல வீடுகளில் தண்ணீரே வந்து உட்கார்ந்திருக்கும். தவறு தன்னுடையது என்று கண்டுபிடித்த அன்று பையனுக்கு ஒரே சந்தோஷம். ஒரு வார்த்தை சேர்த்தால் சரியாகிவிடும் என்று இயக்குநர் அறைக்கு ஓடினான். அங்கே போகாமல் பேசாமல் சேர்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

எங்கள் இயக்குநர் டாக்டர் பரமேஸ்வர குறுப்பு. கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனாவையே ஒருமுறை சந்தேகமாகப் பார்க்கிறவர்.

"பாதுகாப்பானதுன்னு நீ சொன்னா, அந்த மெஷின் என்ன பண்ணும்?" என்று கேட்டார்.

"நம்பிடும் சார். அது எதையும் சோதிச்சுப் பாக்காது. நாம சொல்றதுதான்."

"அது நம்பிடும். ஆடிட்காரன் நம்புவானா?"

"சார், வெறும் கழித்தல் கணக்கு சார். ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடற ஒரு ஆளைக் காட்டு பாக்கலாம் இந்த மாநிலத்துல." குறுப்பு சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மோனே, ஒண்ணு புரிஞ்சுக்கோ. சொல்லாதவரை எல்லாமே ஆபத்துதான். இதை நான் சொல்லல, உன் மெஷினே சொல்லுது. என்ன ஒரு புத்தியுள்ள மெஷின்!"

இப்படித்தான் ஃபங்ஷன் பாதுகாப்புச் சான்றிதழ்க் குழு பிறந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள், எல்லோருக்கும் பழம்பொரி கொடுத்தார்கள். வியாழக்கிழமைதோறும் கூடும் என்று முடிவானது. குழுவின் நிபுணர் பவுலோஸ் சார், ஓய்வுபெற்ற பாய்லர் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர். ஜில்லாவில் தேடியதில் பதவிப் பெயரில் 'பாதுகாப்பு' என்ற சொல் இருந்தவர் அவர் ஒருவர்தான் கிடைத்தார்.

முதல் கூட்டத்திலேயே நீர்தொடுமா விசாரணைக்கு வந்தது. பினோஜ் எழுந்து நின்றான்.

"இது எத்தனை பிரஷர் தாங்கும்?" என்றார் பவுலோஸ் சார்.

"பிரஷர்லாம் இல்ல சார். இது கழித்தல்."

"வெடிக்குமா?"

"வெடிக்காது சார்."

"தம்பி, என் சர்வீஸ்ல வெடிச்ச பாய்லர் எல்லாமே அதுக்கு முந்தின நாள் வரைக்கும் வெடிக்காத பாய்லர்தான்." அவர் சுற்றிலும் பார்த்தார். அறை முழுதும் தலையாட்டியது. "பதினாறு பேர் ஒரே நேரத்துல ஒரே கணக்கைப் போட்டா சூடு ஏறாதா? ஒருத்தன் கழிக்கிறதை இன்னொருத்தனும் கழிச்சுட்டா வீடு என்னாகும்?"

வீடு அங்கேயேதான் இருக்கும் என்று பினோஜ் சொன்னான். அது எதிர்த்துப் பேசியதாகக் கருதப்பட்டது. ஃபங்ஷனை ஒரு மழைக்காலம் முழுக்கக் கண்காணிப்பில் வைக்க முடிவாயிற்று. ஆழ்ந்து பரிசீலிக்கப்பட்டது என்று எழுதினேன்.

அதே கூட்டத்தில் இன்னொரு ஃபங்ஷனும் வந்தது. ஒரு ஆலோசனை நிறுவனம் விற்ற 'அழைப்பான்'. பட்டியலில் இருப்பவர்களை ஒவ்வொருவராக போனில் கூப்பிட்டு 'தண்ணீர் வருகிறது, வெளியேறுங்கள்' என்று சொல்லும். கடைசியாக யாரைக் கூப்பிட்டோம் என்பதைத் தன் மண்டைக்குள்ளேயே ஞாபகம் வைத்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடும். பதினாறு கைகளிடம் கொடுத்தால் பதினாறு மண்டைகளும் முதலிலிருந்து ஆரம்பிக்கும் என்று பினோஜ் படித்துப் படித்துச் சொன்னான். ஆனால் அது வரும்போதே 'பாதுகாப்பானது' என்று சொல்லிக்கொண்டு வந்திருந்தது. கூடவே பொன்னிற முத்திரை போட்ட சான்றிதழ். பவுலோஸ் சார் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"பேப்பர் நல்ல கனம்," என்றார். நிறைவேறியது.

அடுத்த வாரம் ஒத்திகை. ஒத்திகைப் பட்டியலின் தலையில் மையத்து ஆட்களையும் பதவி வரிசைப்படி சேர்த்திருந்ததால் முதல் பெயர் குறுப்பு சாருடையது. அவர் வீடு குன்றின் மேல் இருக்கிறது, அங்கே குடிதண்ணீரே ஏறாது. இருந்தாலும் பதினாறு கைகளும் ஒரே நேரத்தில் அவர் வீட்டைக் கூப்பிட்டன. வைத்ததும் மறுபடி மணி அடித்தது, வைத்ததும் மறுபடி அடித்தது. அவர் மனைவி இத்தனை பேர் சொல்கிறார்களே என்று பயந்து, மாங்காய் ஊறுகாய்ப் பரணியையும் காஸ் அடுப்பையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, குன்றிலிருந்து இறங்கி, ஆற்றோரத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். குட்டநாட்டில் ஒரு வீட்டுக்குக்கூட மணி அடிக்கவில்லை.

குழு அவசரமாகக் கூடியது. இப்போதாவது உறைக்கும் என்று பினோஜ் நினைத்தான், பாவம்.

"பாத்தீங்களா?" என்றார் குறுப்பு சார். "பாதுகாப்பானதுன்னு சொன்னதே இப்படின்னா, ஒண்ணும் சொல்லாதது எவ்வளவு ஆபத்தா இருக்கும்! நான் யோசிச்சுப் பாத்தேன். ஃபங்ஷன் மட்டுமா? இந்த ஆபீஸ்ல இத்தனை பேர் ஒரே நேரத்துல வேலை பாக்கறாங்க. யாராவது ஒருத்தர் தன்னைப் பாதுகாப்பானவர்னு எழுதிக் கொடுத்திருக்காங்களா? நான் உட்பட?"

யாரும் கொடுத்திருக்கவில்லை. அன்று மாலையே சுற்றறிக்கை வந்துவிட்டது. அறிவிக்கப்படாத ஊழியர் அனைவரும் ஆபத்தானவர்கள். ஆபத்தானவர் ஒருவர் வேலை செய்யும்போது மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். தலைமை எழுத்தர் மேஜையில் இருந்த மணி யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் வேலை செய்யலாம்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கைக்கு இவ்வளவு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை. தபால் பிரிவு ஓமனா சேச்சி மணியை வைத்துக்கொண்டு ஒரு கவருக்கு முத்திரை குத்துவார், மற்றவர்கள் பேப்பர் படிப்பார்கள். பிறகு மணி கணக்குப் பிரிவுக்குப் போகும், ஓமனா சேச்சி ஸ்வெட்டர் பின்னுவார். ஆலப்புழையில் யாருக்கு ஸ்வெட்டர் என்று நான் கேட்கவில்லை. கேட்பதும் வேலைதானே.

குறுப்பு சாரே இந்த வேகத்தைக் கண்டு சற்றுப் பயந்து, சிலரையாவது பாதுகாப்பானவர்களாக அறிவிக்கலாமா என்று சங்கத்தைக் கேட்டார். சங்கச் செயலாளர் திவாகரன் சகாவு வாசலில் பந்தல் போட்டு மைக் பிடித்தார்.

"தோழர்களே! நம்மைப் பாதுகாப்பானவங்கன்னு முத்திரை குத்தப் பாக்கறாங்க! எதுக்கு? ஒரே நேரத்துல எல்லாரையும் வேலை வாங்கறதுக்கு! நம்ம அப்பன் பாட்டன் ரத்தம் சிந்தி வாங்கின உரிமையை விட்டுக் கொடுப்போமா? கடைசித் தொழிலாளி இருக்கிற வரைக்கும் நாம ஆபத்தானவங்கதான்! ஆபத்தானவங்களாத்தான் ரிட்டயர் ஆவோம்!"

'ஆபத்தாவோம் ஆபத்தாவோம்' என்று கோஷம் போட்டார்கள். குறுப்பு சார் பணிந்தார். போராட்டம் வெற்றி.

பினோஜ் மட்டும் தன்னைப் பாதுகாப்பானவன் என்று எழுதிக் கொடுத்தான். ஏற்கெனவே பாதுகாப்பானவர் என்று சான்று பெற்ற இரண்டு பேர் அவனுக்கு ஜாமீன் நிற்க வேண்டும் என்று பதில் வந்தது. அப்படி ஒருவரும் உலகத்தில் இல்லை.

கர்க்கடக மாதம் பிறந்தது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஒரு நாள் காலை, மேலே அணையைத் திறக்கிறார்கள், மாலைக்குள் தண்ணீர் கீழே வந்துவிடும் என்று தகவல் வந்தது. அப்போதுதான் பினோஜின் அக்கா பிரசீதா கூப்பிட்டாள். செறுவள்ளிக்கரையில் அவளுக்கு வீடு. வரப்பைவிடத் தாழ்வான இடம். மாமனார் இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கிறார், புருஷன் வளைகுடாவில். அவன் போனில் பேசியது பக்கத்து மேஜையில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"சேச்சி, உடனே கிளம்பு. பெரியவரைப் படகுல ஏத்து."

"ஏத்திட்டு எங்கடா போறது? பள்ளிக்கூடத்து வாசல்ல போய் நின்னுட்டுத்தான் வரேன். ஹெட்மாஸ்டர் சாக்கோ மாஷ் சாவியை இடுப்புல வெச்சுக்கிட்டுக் கண்ணுல தண்ணி விடறார். லிஸ்ட் வராம திறந்தா அவருக்குப் பென்ஷன் போயிடுமாம். மழையில அந்தக் கிழவரை எத்தனை நேரம்டா படகுல வெச்சுக்கறது?"

"லிஸ்ட் வரும் சேச்சி."

"எப்போ? இங்க முற்றத்துல மீன் ஓடுதுடா."

பினோஜ் ஓட்டமாக இயக்குநர் அறைக்குப் போனான். நானும் குறிப்பேட்டுடன் பின்னால் போனேன்.

"சார், இப்போ ஒரு கை கணக்குப் போட்டா ராத்திரிதான் முடியும். தண்ணி அதுக்கு முன்னாடி வந்துடும் சார். ஒரே ஒரு வார்த்தை சார்!"

"வியாழக்கிழமை கமிட்டி இருக்கு. அதுல வைக்கலாம்," என்றார் குறுப்பு சார்.

"சார், இன்னிக்கு சாயந்திரம் வெள்ளம்!"

"வெள்ளம் வருதுன்னு கமிட்டியை மாத்த முடியுமா? இன்னிக்கு வெள்ளத்துக்காக மாத்தினா நாளைக்குப் புயல் வந்து கேக்கும்." பேனாவை எடுத்தார், அதைச் சந்தேகமாகப் பார்த்தார், வைத்துவிட்டார். "தவிர, இப்போ மணி ஓமனா கையில இருக்கு. நான் பேசிக்கிட்டிருக்கிறதே ஒழுங்குமீறல்."

பினோஜ் திரும்பி வந்து தன் கணினி முன் உட்கார்ந்தான். ஒரு நிமிடம் கையைப் பிசைந்தான். பிறகு நீர்தொடுமாவைத் திறந்து அந்த ஒரு வார்த்தையைத் தட்டினான். பாதுகாப்பானது. இதை நான் பார்க்கவில்லை. பார்ப்பதும் வேலை, மணி என்னிடம் இல்லை.

மெஷின் நம்பியது. பதினாறு கைகளும் கட்டவிழ்ந்தன. சாயாக்காரன் எங்கள் மாடியில் தம்ளர்களை வைத்துவிட்டு இறங்குவதற்குள் பட்டியல் வந்துவிட்டது. பினோஜ் அதை எல்லாப் பஞ்சாயத்துக்கும் அனுப்பினான். மதியத்துக்குள் பள்ளிக்கூடங்கள் திறந்தன. பிரசீதாவின் மாமனாரைக் கட்டிலோடு தூக்கி ஏழாம் வகுப்பில் போட்டார்களாம். சாயங்காலம் தண்ணீர் வந்தபோது செறுவள்ளிக்கரையில் வாத்துகள் மட்டும்தான் இருந்தன. அன்றைக்கு எனக்கு அந்தப் பையனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மறுநாள் விசாரணை.

"யார் செத்தாங்க?" என்று குறுப்பு சார் கேட்டார்.

"யாரும் சாகலை சார்," என்றான் பினோஜ்.

"அதைத்தான் நானும் சொல்றேன். யாரும் சாகாததால உன் தப்பு சின்னதாத் தெரியுது. அதுதான் இதுல இருக்கிற பெரிய ஆபத்து. பாக்கறவன் எல்லாம், கமிட்டி இல்லாமலே காரியம் நடக்கும்னு நினைச்சுடுவான்!"

பவுலோஸ் சார் மெஷினைத் தொட்டுப் பார்த்து, வெதுவெதுப்பாக இருப்பதாக வாக்குமூலம் கொடுத்தார். பினோஜை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். சான்றிதழ் பெறாத ஃபங்ஷன் போட்ட பட்டியல் செல்லாது, பட்டியல் செல்லாததால் முகாமில் இருப்பவர்கள் முறைப்படி எச்சரிக்கப்படாதவர்கள், எனவே அவர்களுக்குக் கஞ்சி கிடையாது, எல்லோரும் வீட்டுக்குத் திரும்பி, வியாழக்கிழமைக்குப் பிறகு முறையாக எச்சரிக்கப்பட்டு வர வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். வீடுகளில் ஜன்னல் வரை தண்ணீர் நின்றது. எழுதிய என் கை கூசியது.

உத்தரவைத் தானே நேரில் அறிவிப்பதாகச் சொல்லி குறுப்பு சார் செறுவள்ளிக்கரைக்குக் கிளம்பினார். குறிப்பு எழுத நான். ஔசேப்பு என்கிற படகுக்காரனின் வள்ளத்தில் போனோம். வேலை போன பினோஜ் எங்களுக்கு முன்பே வந்து, பள்ளிக்கூட வராந்தாவில் அகப்பையோடு நின்றிருந்தான். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. சாக்கோ மாஷ் உத்தரவைப் படித்துவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பானையை மூடச் சொன்னார்.

குறுப்பு சார் பெஞ்சில் ஏறி நின்று பேசினார்.

"நாட்டு மக்களே, உங்க உயிர் எங்களுக்கு முக்கியம். அதனாலதான் பாதுகாப்பில்லாத முறையில நீங்க காப்பாத்தப்பட்டதை எங்களால ஏத்துக்க முடியல. சொல்லாதவரை எல்லாமே ஆபத்து. இதுதான் கொள்கை. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

கூட்டத்திலிருந்து பிரசீதா முன்னால் வந்தாள். மெலிந்த பெண், புடவையை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தாள்.

"சரி சாரே, போறோம். சார் எப்படித் திரும்பிப் போவீங்க?"

"வந்த வள்ளத்துலதான்."

"ஔசேப்பு சேட்டா," என்று கூப்பிட்டாள். "உன் வள்ளம் பாதுகாப்பானதுன்னு யார்கிட்டயாவது எப்பவாவது சொல்லியிருக்கியா?"

ஔசேப்பு யோசித்தான். "எங்கிட்ட யாரும் கேட்டதில்லையே."

"அப்போ சொல்லலை. சொல்லாதவரை ஆபத்து. சாரோட உயிர் எங்களுக்கு முக்கியம்." அவள் சிரிக்கவேயில்லை. "கட்டிப் போடு வள்ளத்தை."

ஔசேப்பு தென்னையில் இறுக்கிக் கட்டிவிட்டுப் பீடி பற்றவைத்தான். குறுப்பு சார் அவனைத் திட்டிப் பார்த்தார், பிறகு கெஞ்சிப் பார்த்தார். வியாழக்கிழமை கமிட்டி சான்றிதழ் கொடுத்தால் அவிழ்ப்பதாக அவன் சொன்னான். அவர் இல்லாமல் கமிட்டி கூட முடியாது என்று அவருக்கு நான் நினைவூட்ட வேண்டியதாயிற்று.

மதியம் தாண்டியது. குறுப்பு சார் சர்க்கரை நோயாளி. காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வந்தவர், மதியச் சாப்பாடு இல்லை. கொஞ்ச நேரத்தில் அவருக்கு நெற்றி வேர்த்தது, விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. மூடிய பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாக்கோ மாஷ் மெதுவாகப் பக்கத்தில் போனார்.

"சாரே, அந்த லிஸ்ட் செல்லும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பானையைத் திறந்துடறேன்."

"கமிட்டி..."

"கமிட்டி இங்க இல்ல சாரே. நீங்க இருக்கீங்க, பசி இருக்கு."

குறுப்பு சார் கண்ணை மூடிக்கொண்டார். "பாதுகாப்பானது," என்றார். சத்தம் போதவில்லை என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, "பாதுகாப்பானதுய்யா, பாதுகாப்பானது!" என்று கத்தினார். ஆழ்ந்து பரிசீலிக்கப்பட்டதா என்று கேட்டேன். எழுதித் தொலையச் சொன்னார்.

பானை திறந்தது. சாக்கோ மாஷ் பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட, பினோஜ் ஊற்றினான். பிரசீதாவின் மாமனாருக்குக் கட்டிலுக்கே போயிற்று. குறுப்பு சாரும் தட்டோடு வரிசையில் நின்றார். அவர் முறை வந்ததும் மாஷ் பட்டியலை மேலும் கீழும் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"சார் பேரு இதுல இல்லையே. வீடு குன்று மேலயாச்சே."

குறுப்பு சாரின் தட்டு கிடுகிடுவென்று ஆடியது.

"ஊத்துடா," என்றாள் பிரசீதா. "கை நடுங்குது அவருக்கு."

பினோஜ் ஊற்றினான். அவர் நின்றபடியே மடமடவென்று குடித்தார். முகத்தில் ரத்தம் திரும்பியது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அகப்பை பிடித்திருப்பது யார் என்று அப்போதுதான் பார்த்தார்.

"உன் வேலை விஷயம்," என்று தொண்டையைச் செருமினார். "வியாழக்கிழமை கமிட்டியில வெச்சுப் பாக்கலாம்." சொல்லிவிட்டு, இன்னொரு அகப்பைக்குத் தட்டை நீட்டினார்.

"இதையும் அங்கேயே வெச்சுக்கலாம் சார்," என்றான் பினோஜ்.

பிரசீதா அவன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்து, அகப்பையைப் பிடுங்கி, தட்டு நிறைய ஊற்றினாள்.